உங்கள் ஊர்க் கதையை உங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்: மேல்பாடி கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

மேல்பாடி கிராம சபையில் கூடும் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், ஓட்டுரிமை வந்து முதல் தடவையாகக் கூட்டத்துக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் மேல்பாடிக்காரன் இல்லை. திருவலத்துப் பக்கம். பொன்னை ஆறு உங்கள் ஊரைத் தாண்டித்தான் எங்கள் பக்கம் வந்து பாலாற்றில் சேருகிறது. ஆற்றில் வெள்ளம் வருகிறதென்றால் உங்களுக்குத் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் உறவை வைத்துக்கொண்டு உரிமையோடு ஒன்று கேட்கிறேன். மேல்பாடியின் நிலம் எப்படிப்பட்டது, இந்த ஊரில் என்னவெல்லாம் நடந்தது என்பதை, நீங்களே தமிழில் எழுதி, கிராம சபைத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும். வெளியூர் ஆய்வாளர் வந்து எழுதித் தருவார் என்று காத்திருக்க வேண்டாம். ஊர் கூடி, ஊர் பேசி, ஊர் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், இன்றைக்கு யாராவது மேல்பாடி என்று தேடினால் கிடைப்பது நாலு வரி. வேலூர் மாவட்டம், காட்பாடி வட்டம், ஒரு சின்ன கிராமம், அஞ்சல் குறியீடு இன்னது. அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பிள்ளை வேலூரிலோ சென்னையிலோ கல்லூரிக்குப் போக, அங்கே யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், "பொன்னை பக்கம்" என்றோ "வள்ளிமலை பக்கத்துல" என்றோ சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறது. பக்கத்து ஊரை வைத்து அடையாளம் சொல்ல வேண்டிய ஊரா மேல்பாடி? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தக்காணத்துப் பேரரசன் ஒருவன் தன் படையோடு வந்து தங்கிய ஊர். சோழப் பேரரசன் ஒருவன் தன் தாத்தாவுக்கு நினைவுக்கோயில் எடுக்கத் தேர்ந்தெடுத்த ஊர். இந்த இரண்டுக்கும் கல்லிலும் செப்பேட்டிலும் சாட்சி இருக்கிறது.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அரசர்கள் வந்ததே இந்த மண்ணைப் பார்த்துத்தான். பொன்னை ஆறு ஆந்திரத்துச் சித்தூர் மாவட்ட மலைகளில் பிறந்து வருகிறது. அங்கே அதற்கு நீவா என்று பெயர். கலவகுண்டா அணையைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள் வந்தால் உங்கள் வட்டாரம். இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள், நடுவே ஆற்று மணல், மணலை ஒட்டி வண்டல். குன்றுப் பக்கம் மேட்டு நிலத்தில் மாந்தோப்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை). ஆற்றுப் பக்கம் கழனியில் நெல்லும் கரும்பும். கரும்பு அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போகும். மாங்காய் சித்தூர்க் கூழ் ஆலைப் பக்கம் போகும். இங்கே பேச்சும் அப்படித்தான்: பாதி வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

வருஷத்தில் பல மாதம் ஆறு மணலாகத்தான் கிடக்கும். ஆனால் அதை வறண்ட ஆறு என்று சொன்னால் ஆற்றங்கரைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். சித்திரை வெயிலில் மணலில் ஒரு முழம் தோண்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அடியில் ஈரம் கருக்கும். பிறகு ஓரத்திலிருந்து மணல் சரிந்து சரிந்து உள்ளே விழும், அதனோடு தண்ணீர் கசிந்து வரும். முதலில் வருவது கலங்கல். அதை இரண்டு தரம் இறைத்துக் கொட்டினால் மூன்றாவது தரம் அடியில் கிடக்கும் மணல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர். இதுதான் ஊத்து. பாலாற்றுக்காரர்களும் பொன்னையாற்றுக்காரர்களும் இந்த ஊத்தை நம்பித்தான் ஆற்றுக்குள்ளேயே நீளமாகக் கால்வாய் தோண்டி, அந்தத் தண்ணீரை ஏரிக்கும் கழனிக்கும் கொண்டுபோனார்கள். ஊத்துக்கால்வாய் என்று பெயர். மணல்தான் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. மணலை அள்ளிப் பாறையைக் காட்டிவிட்டால் மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், கிணறு கீழே இறங்கிவிடும். இதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எந்தெந்த இடத்தில் ஊத்து இருந்தது, எந்தக் கால்வாய் எந்த ஏரிக்குப் போனது என்பது இன்றைக்கு எழுபது எண்பது வயதானவர்கள் மனசில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் எழுதவேண்டிய முதல் பக்கம் அதுதான். ராஜாக்கள் கதை கல்லில் பத்திரமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். ஊத்துக்கால்வாயின் கதை காத்திருக்காது.

19ஆம் நூற்றாண்டில் கட்டிய பொன்னை அணைக்கட்டு, அதிலிருந்து பிரியும் கால்வாய்கள், அவற்றால் நிரம்பும் ஏரிகள் பற்றிப் பொதுப்பணித் துறைக் கோப்புகளில் கணக்கு இருக்கும். எந்த மதகை எப்போது திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போகாத வருஷம் யார் வீட்டில் கூடிப் பேசுவது, ஏரி நிரம்பிக் கோடி போனால் யாருக்கு முதலில் சொல்லி அனுப்புவது என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது. 2021 வெள்ளத்தை எல்லோரும் பார்த்தோம். அந்த டிசம்பரில் திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே பொன்னையாற்று ரயில் பாலத்தில் தூண் இறங்கி, சென்னை ரயில்கள் நின்றுபோயின. அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த வெள்ளம் உங்கள் ஊரில் எதுவரைக்கும் ஏறியது, எந்தத் தெருவில் எந்தப் படிக்கட்டு வரைக்கும் வந்தது என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அடுத்த வெள்ளத்துக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும்.

இனி அரசர்கள்.

949இல் தக்கோலத்தில் ஒரு பெரும் போர். உங்கள் ஊருக்குக் கிழக்கே, அரக்கோணம் பக்கத்துத் தக்கோலம்தான். ஒரு பக்கம் முதலாம் பராந்தக சோழரின் மகன் ராஜாதித்தன். எதிர்ப்பக்கம் தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன், அவனுக்குத் துணையாகக் கங்க அரசன் பூதுகன். யானை மேலிருந்த ராஜாதித்தன் அங்கேயே விழுந்தான். சோழர்கள் அரை நூற்றாண்டாகக் கட்டி எழுப்பியது எல்லாம் ஆட்டம் கண்டது. தொண்டை மண்டலம் கைமாறியது. அந்தக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் மூன்றாம் கிருஷ்ணனுக்குப் பெயர் "கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்".

பத்து வருஷம் கழித்து அந்தக் கன்னரதேவன் எங்கே இருந்தான் தெரியுமா? மராட்டியத்துச் சதாரா மாவட்டத்தில் கராடு என்ற ஊரில் கிடைத்த செப்பேடு அதைச் சொல்கிறது. சக ஆண்டு 880, அதாவது 959 மார்ச் மாதம். அரசன் தன் படையோடு மேல்பாடியில் தங்கியிருந்தபோது அந்தச் செப்பேட்டைக் கொடுத்தான். எதற்காகத் தங்கியிருந்தான் என்பதையும் அதுவே சொல்கிறது: தென்னாட்டுப் பகுதிகளைத் தன்னை அண்டியவர்களுக்குப் பிழைப்பாகப் பிரித்துக் கொடுக்கவும், சிற்றரசர்களின் செல்வத்தை எடுத்துக்கொள்ளவும், காலப்பிரியர், கண்டமார்த்தாண்டர், கிருஷ்ணேச்வரர் என்ற பெயர்களில் கோயில்கள் எடுக்கவும். கொடை யாருக்கு? ககனசிவர் என்ற சைவத் துறவிக்கு, கராடு பக்கத்தில் ஒரு கிராமம். கிருஷ்ணா நதிக் கரையில் இருக்கும் ஒரு கிராமத்தின் தலைவிதி பொன்னையாற்றங்கரைக் கூடாரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொரு சாட்சியும் உண்டு. சோமதேவ சூரி என்ற சமணப் புலவர் யசஸ்திலகம் என்ற வடமொழிக் காவியத்தைச் சக ஆண்டு 881 சித்திரையில் முடித்தார். அது செப்பேட்டுக்குச் சில வாரம் பிந்திய தேதி. முடித்த நாளைக் குறிக்கும்போது அவர் சொல்கிறார்: பாண்டிய, சிங்கள, சோழ, சேர அரசர்களை வென்ற கிருஷ்ணராஜன் மேல்பாடியில் வீற்றிருந்த காலத்தில் இது நிறைவுற்றது என்று. பல காதத்துக்கு அப்பால் உட்கார்ந்து எழுதும் ஒரு கவிஞர், தேதி சொல்ல உங்கள் ஊர்ப் பெயரைப் போடுகிறார். அந்த வசந்தத்தில் தக்காணத்தின் தலைநகரம் நடைமுறையில் மேல்பாடியாகத்தான் இருந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒரு பேரரசின் படை தங்கவேண்டுமானால் யானைக்கும் குதிரைக்கும் தண்ணீர் வேண்டும், தீவனம் வேண்டும், வடக்கே போக வழி வேண்டும், காவலுக்குக் குன்று வேண்டும். ஊத்துத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு நேரம் ஏன் பேசினேன் என்பது இப்போது புரியும். மார்ச் மாதத்தில் படைக்குத் தண்ணீர் கொடுத்தது இந்த மணலாகத்தான் இருக்கவேண்டும்.

அடுத்த சாட்சி உங்கள் ஊரிலேயே நிற்கிறது. சோழீஸ்வரர் கோயில்.

ராஜாதித்தனுக்குப் பிறகு அவன் தம்பிகள் கண்டராதித்தர், அரிஞ்சயர் என்று ஒருவர் பின் ஒருவராக ஆட்சிக்கு வந்தார்கள். அரிஞ்சயரின் ஆட்சி மிகக் குறுகியது. 957 வாக்கில் முடிந்துவிட்டது. கல்வெட்டுகள் அவரை "ஆற்றூர்த் துஞ்சின தேவர்" என்று சொல்கின்றன. அவர் மகன் சுந்தர சோழர், பேரன் முதலாம் ராஜராஜர். அந்தப் பேரன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014இல், ஆற்றூரில் இறந்த தன் தாத்தாவுக்குப் பள்ளிப்படையாக, அதாவது நினைவுக்கோயிலாக, எடுப்பித்தது இந்தக் கோயில் என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. அரிஞ்சிகை ஈஸ்வரம் என்பது அதன் அன்றைய பெயர். மேல்பாடிக்கும் அப்போது ராஜாசிரயபுரம் என்று இன்னொரு பெயர். ராஜாசிரயன் என்பது ராஜராஜரின் பட்டப்பெயர். பெரும்பாணப்பாடி என்ற நாட்டுப் பிரிவுக்குள், ஜெயங்கொண்ட சோழ மண்டலத்தில் இருந்தது உங்கள் ஊர். பாணர்கள் என்ற சிற்றரசர்கள் ஆண்ட பூமி என்பதால் பெரும்பாணப்பாடி. எங்கள் திருவலம் அன்றைக்கு அதே பாணர் பெயரில் வாணபுரம்.

அந்த 29ஆம் ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜர் கலசம் கொடுத்தது 25ஆம் ஆண்டில். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் கோயில் முடிந்து நான்கு வருஷம். ராஜராஜரின் ஆட்சிக்கு 29தான் கடைசி ஆண்டு. எல்லாப் போரும் முடிந்து, எல்லாப் புகழும் வந்த பிறகு, அந்த மனிதரின் பெயர் உங்கள் ஊர்ச் சுவரில் ஒரு பேரனாக வருகிறது. தான் பிறந்த குடும்பம் தோற்று நின்ற காலத்தில் இறந்துபோன தாத்தாவுக்கு, அந்தத் தோல்வியை உண்டாக்கியவன் கூடாரம் அடித்த அதே ஊரில், ஒரு சிறிய கற்கோயில். ஊரைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இது என் கணிப்பு, கல்வெட்டு அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. எழுதும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்: கல்வெட்டு சொல்வது இது, நாங்கள் நினைப்பது இது என்று.

பள்ளிப்படை என்றதும் சிலர் முகம் சுளிப்பதை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். சுடுகாட்டுக் கோயில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. இறந்த அரசரின் நினைவாக எடுத்த சிவன் கோயில் அது. காளஹஸ்தி பக்கம் முதலாம் ஆதித்தருக்கு ஒன்று, கும்பகோணம் பக்கம் பழையாறையில் பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரர் எடுத்தது ஒன்று. சோழர் காலப் பள்ளிப்படை என்று கல்வெட்டே சொல்லும் கோயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று உங்களுடையது.

பக்கத்திலேயே சோமநாதீஸ்வரர் கோயில். சோழேந்திரசிம்ம ஈஸ்வரம் என்று பழைய பெயர். அதன் சுவரிலும் கல்வெட்டுகள். வள்ளிமலையைப் பற்றி நீங்கள் அறியாததை நான் சொல்ல முடியாது, வள்ளியும் முருகனும் உங்கள் வீட்டுக் கதை, அருணகிரிநாதர் பாடிய தலம், மாசித் தேர் உங்கள் திருவிழா. ஆனால் அதே மலையில் சமணர் சிற்பங்களுக்குக் கீழே கன்னட மொழியில் எழுத்துகள் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள். ராஜமல்லன் என்ற கங்க அரசன் அந்த மலையைப் பார்த்து அங்கே சமணப் பள்ளி அமைத்ததை ஒன்று சொல்கிறது. அஜ்ஜநந்தி என்ற துறவியின் பெயர் இன்னொன்றில் வருகிறது. பாண அரசனுக்குக் குருவாக இருந்த பவணந்தி, அவர் மாணவர் தேவசேனர் என்று மற்றொன்று. மலை ஒன்று, அதில் முருகனும் இருக்கிறார், தீர்த்தங்கரர்களும் இருக்கிறார்கள். ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் ஊர் வரலாறு நொண்டும்.

உங்கள் ஊர்க் கல்வெட்டுகளை எப்போது படித்தெடுத்தார்கள்? 1890களில். ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் சென்னை மாகாணக் கல்வெட்டு ஆய்வாளராக இருந்தார். அவரோடு இருந்தவர் வெங்கய்யா. நம்ம ஆரணிப் பக்கத்தில் பிறந்தவர். கல்லில் இருப்பதைப் படியெடுக்க அவர்கள் துறையில் செய்வது இப்படி. சுவரை நாரால் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். நனைத்த தாளை எழுத்தின் மேல் ஒட்டி, முடித் தூரிகையால் பொறுமையாக அடிப்பார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிப் பதியும். பிறகு மைப்பொதியால் மேலே ஒத்துவார்கள். மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். தாளை உரித்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து. அப்படி எடுத்ததை 1899இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதி முதல் பாகமாக அச்சிட்டார்கள். அந்தப் பாகத்தில் இருப்பவை ஐந்து ஊர்க் கல்வெட்டுகள்: உக்கல், மேல்பாடி, கரூர், மணிமங்கலம், திருவல்லம் (எங்கள் திருவலம்தான்). ஐந்தில் மூன்று நம்ம வட ஆர்க்காடு! மேல்பாடியின் பெயர் அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் விளக்கம் எல்லாம் ஆங்கிலம். நூற்றிருபது வருஷமாகியும் அது மேல்பாடிக்குத் திரும்பி வரவில்லை.

அந்த எழுத்தை நீங்களே படிக்க முடியும், அது பெரிய வித்தை இல்லை. காலை வெயில் சுவரில் சாய்ந்து விழும்போது போய் நில்லுங்கள். தொடக்கத்தில் ஸ்வஸ்தி ஸ்ரீ என்று கிரந்த எழுத்து இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் தொடக்கம் கிடைத்துவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம் ஒன்றுபோல இருக்கும். துணைக்காலும் ரகரமும் குழப்பும். ககரம், தகரம், மகரம் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கோடை விடுமுறை போதும். ஒன்றே ஒன்று: எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸோ விபூதியோ மாவோ தேய்க்க விடாதீர்கள், விளக்கெண்ணெயைச் சுவரில் தடவ விடாதீர்கள். ஆயிரம் வருஷம் மழைக்குத் தாங்கிய எழுத்து பத்து வருஷம் தேய்ப்புக்குத் தாங்காது.

இந்தக் கோயில்களால் ஊருக்கு வரும் சங்கடமும் எனக்குத் தெரியும். இரண்டும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010 சட்டத் திருத்தத்தின்படி நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கிக் கட்டவேண்டிய பகுதி. பெண்ணுக்குக் கல்யாணம் என்று மாடியில் ஒரு அறை எடுக்க நினைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய அலைச்சல்! கூரை வீட்டைத் தளம் போட்ட வீடாக மாற்றவே அலுவலகம் அலுவலகமாக நடக்கிறவர் இருக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபப்படுகிறவருக்கு, தான் எதற்காக இந்தச் சிரமத்தைச் சுமக்கிறோம் என்று யாருமே சொல்லவில்லை. கம்பி வேலியும் எச்சரிக்கைப் பலகையும் தெரிகிறது, உள்ளே இருப்பது யாருடைய நினைவு என்று தெரியவில்லை. சுமையை ஊர் சுமக்கிறபோது கதையும் ஊருக்கு வந்து சேரவேண்டும். அந்தக் கதை ஊரின் கையெழுத்தில் இருந்தால், வழிகாட்டிப் பலகைக்கும், பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் அனுமதியை விரைவாகக் கேட்பதற்கும், சுற்றுலா என்று வரும் பணத்தில் ஊருக்குப் பங்கு கேட்பதற்கும் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

ஊரின் பழைய காகிதங்கள் சிதறிக் கிடப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எல்லைகள் மாறிக்கொண்டே வந்தன. ஹூல்ஷ் காலத்தில் மேல்பாடி வட ஆர்க்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. மாவட்டத் தலைநகரமே சித்தூர்தான். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகி, வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகரமானது. 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஒவ்வொரு தடவையும் கோப்புகள் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயின. பழைய நில அளவைப் பதிவேடு, கிராம வரைபடம், இனாம் பதிவேடு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ பதிவேட்டில் ஒவ்வொரு புறம்போக்கும், கால்வாயும், குட்டையும் சர்வே எண்ணோடு இருக்கும். ஏரியின் பழைய பரப்பு என்ன என்று சண்டை வரும்போது அந்தப் பக்கம்தான் பேசும்.

இதையெல்லாம் கிராம சபையில் ஏன் செய்யவேண்டும், ஒரு வாத்தியாரோ ஒரு ஆர்வலரோ புத்தகமாகப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மேல்பாடியில் நினைவாகி நிற்கும் அரிஞ்சயரின் தந்தை பராந்தகரின் காலத்தில்தான் உத்தரமேரூரில் ஊர்ச் சபை தன் தேர்தல் முறையைக் கல்லில் வெட்டி வைத்தது. யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, கணக்குக் காட்டாதவனுக்கு என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தச் சபையில் எல்லோரும் உட்கார முடியவில்லை. நிலமும் படிப்பும் உள்ள ஆண்கள் சிலர்தான். இன்றைக்கு 1994 ஊராட்சிச் சட்டப்படி மேல்பாடியில் ஓட்டுள்ள ஒவ்வொருவரும் சபை உறுப்பினர். காலனித் தெருவில் இருக்கும் பாட்டியும், கோயில் தெருவில் இருக்கும் பாட்டியும் ஒரே வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்கிறார்கள். அப்படிப்பட்ட சபை எழுதும் வரலாறுதான் எல்லோருடைய வரலாறாக இருக்கும்.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். ராஜராஜன் பெயர் வந்ததும் "எங்க ஆளு" என்று நாலு பேர் கிளம்புவார்கள். ஒவ்வொரு சாதிச் சங்கமும் ஒரு பதாகை கொண்டுவரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கல்வெட்டில் இல்லாததைத் தீர்மானத்தில் ஏற்றாதீர்கள். அதற்குப் பதிலாக, எந்தக் கல்வெட்டிலும் இடம் பெறாதவர்களுக்கு இடம் கொடுங்கள். மடை திறந்து கடைமடை வரைக்கும் தண்ணீரோடு நடந்தவர், ஆற்றில் வண்ணான்துறை எங்கே இருந்தது என்று தெரிந்தவர், எந்தக் கிணற்றில் யாரை இறங்க விடவில்லை என்று நினைவு வைத்திருக்கும் அம்மா, கூத்துக் கட்டிய குழு, பள்ளிவாசலுக்கு முதல் கூரை போட்டவர்கள், இலங்கைக்கோ பெங்களூருக்கோ பஞ்சம் பிழைக்கப் போய்த் திரும்பிய குடும்பம் இருந்தால் அவர்கள் கதை. கசப்பானதும் வரும். வரட்டும். கசப்பை நீக்கிவிட்டு எழுதினால் பாதி ஊர் அதில் தன்னைத் தேடிக் காணாது.

வேலையை எப்படித் தொடங்குவது என்பதற்கு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு வழி சரியென்று பட்டால் அதையே செய்யுங்கள். உள்ளாட்சி தினமான நவம்பர் 1 கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கலாம். அல்லது தண்ணீர் தினமான மார்ச் 22, ஆற்றைப் பற்றி எழுத அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தெருவுக்கு ஒருவர் என்று ஒரு சிறு குழு போடுங்கள், பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். வயதானவர்களைக் கூட்டத்துக்கு வரச்சொல்லாமல், பிள்ளைகள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் போனில் பதிவு செய்யட்டும். முதலில் ஆறு, ஏரி, கால்வாய், கிணறு. அடுத்து தெருக்கள். அதன் பிறகு கோயில்களும் மலையும். எழுதியதை அடுத்த கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். மறுத்துப் பேசுகிறவர் பேசட்டும், இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகு ஒரு படி பள்ளிக்கூடத்துக்கு, ஒரு படி வேலூர் அரசு அருங்காட்சியகத்துக்கு, ஒரு படி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு.

என்னால் ஆனது: 1899 தொகுதியில் உள்ள மேல்பாடிக் கல்வெட்டுகள் முழுவதையும் இன்றைய தமிழ் எழுத்தில் எழுதி, வரிக்கு வரி பேச்சுத் தமிழில் பொருளும் போட்டுத் தயார் செய்கிறேன். கராடு செப்பேட்டில் மேல்பாடி வரும் பகுதியையும் அப்படியே தமிழில் தருகிறேன். கூட்டத்தன்று தாளாகக் கொண்டுவந்து தருகிறேன். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு சுவரைப் படிக்கவும் தயார், தொல்லியல் துறைக் காவலரிடம் முறையாகச் சொல்லிவிட்டு.

ஆனால் நான் உங்கள் ஊர் வாக்காளன் இல்லை. சபையில் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம், கேட்டால் பேசலாம், அவ்வளவுதான். தீர்மானத்தை முன்மொழிய உங்களில் ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும். ஊராட்சித் தலைவருக்கும் செயலருக்கும் இந்த மடலின் படியை அனுப்புகிறேன். எழுந்து நிற்கப்போவது யார் என்று நீங்கள் பேசி முடிவு செய்து சொல்லி அனுப்புங்கள். தேதி தெரிந்தால் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்போடு,
ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரன்
திருவலம் வட்டாரம்